விட்டுப்போன உடற்பயிற்சியையும் உணவு ஒழுங்கையும் திரும்பத் தொடங்க மனம் வரவில்லை என்றால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சில மாதங்கள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து, சாப்பாட்டையும் கவனித்து வந்தார். நடுவில் காய்ச்சலோ வேலைப் பளுவோ வந்து எல்லாம் நின்றுவிட்டது. குறைத்த எடை பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. நாளைக்குத் தொடங்கலாம் என்று தினமும் நினைக்கிறார், தொடங்கமுடியவில்லை. இதற்கான மோட்டிவேஷனை எங்கே பிடிப்பது?

அதைப் பிடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஊக்கம் வந்தால் செய்வோம் என்று காத்திருப்பவர்கள்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு. மனநிலை சரியாகட்டும் என்று விட்டுவைக்காமல், மிகச் சிறிய வேலை ஒன்றை நாளும் நேரமும் குறித்துச் செய்யவைப்பார்கள். செய்யச் செய்ய மனம் மெல்லப் பின்னால் வரும். உடற்பயிற்சியிலும் அப்படித்தான்.

இதில் நம் மூளை செய்யும் தப்புக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ரூபி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்கு முன்பு “இது எவ்வளவு பிடிக்கும்” என்று மக்கள் சொன்ன மதிப்பு, முடித்த பிறகு சொன்னதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. காரணம், யோசிக்கும்போது முதல் சில நிமிடங்கள்தான் மனக்கண்ணில் வருகின்றன. மூச்சு வாங்குவதும் உடம்பு கனப்பதும் அந்த நிமிடங்களில்தான். அதனால் தொடக்கத்தை இதமாக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். உங்களுக்குப் பிடித்த ஒலிப்புத்தகத்தையோ தொடரையோ அந்த நேரத்துக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதும் நல்ல உபாயம்.

அடுத்து, எவ்வளவு இழந்திருக்கிறீர்கள் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானோர் இதை மிகைப்படுத்திக்கொள்கிறார்கள். பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு. இரண்டு மூன்று வாரத்திலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். “எல்லாம் போச்சு” என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் தசைப் பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. மூன்று நான்கு வாரம் வரை பெரும்பகுதி அப்படியே நிற்கும். பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து எடைப்பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுதாக நிறுத்தி, மறுபடி 10 வாரம் செய்தது. முடிவில் இரு குழுக்களின் பலமும் தசை அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. முதல்முறை கட்டியெழுப்ப ஆன காலம் இரண்டாம் முறை ஆகாது.

எடைக்கும் இதே கதைதான். ஒரு விருந்துக்கு மறுநாள் காலை தராசு 2 கிலோ கூடக் காட்டினால் அது கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். 2 கிலோவுக்கு 15,000 கலோரிக்கு மேல். ஒரே இரவில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது. மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புப் பொருளாக மாறும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்கிறது. உப்பு அதிகமானால் அதுவும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இது இறங்கிவிடும். இது தெரியாமல் மறுநாள் பட்டினி கிடப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: போன முறை எந்த வாரத்தில், எதனால் நின்றது? “சோம்பேறித்தனம்” என்று எழுதினால் செல்லாது, அது காரணமே அல்ல. காய்ச்சல், அடிபட்டது, வேலை நேரம் மாறியது போன்றவை வெளியிலிருந்து வந்த தடைகள். அவை நீங்கியிருந்தால் பழைய திட்டத்தைக் குறைந்த அளவில் தொடங்கலாம். ஆனால் வாரம் ஆறு நாள் பயிற்சி, ஒரு நாளைக்கு 1,200 கலோரி, இனிப்பே கூடாது என்று போட்ட திட்டம் ஏழாவது வாரத்தில் உடைந்திருந்தால், உடைந்தது நீங்கள் அல்ல, திட்டம். அதையே மறுபடி எடுத்தால் அதே இடத்தில் அதேபோல் உடையும். மூன்றாவது வகையும் உண்டு: பயிற்சிக்கு வைத்திருந்த நேரம் உங்கள் கையில் இல்லாத நேரம். மாலை ஆறு மணிக் கூட்டங்கள் நிறைய வரும் வேலையில் இருந்துகொண்டு மாலை ஆறு மணிக்கு ஜிம் என்று வைத்தால், எவ்வளவு மன உறுதி இருந்தாலும் நடக்காது.

இனி முதல் இரண்டு வாரம். இங்கேதான் ஆரம்ப சூரத்தனம் காலை வாரிவிடும். உடம்பு மறந்திருக்கிறது, மனம் மறக்கவில்லை. முன்பு தூக்கிய எடை நினைவில் இருக்கும், கையும் அங்கேதான் போகும். முன்பு 40 கிலோவில் 10 முறை வீதம் 3 செட் (நடுவில் ஓய்வு விட்டு மூன்று சுற்று) செய்தவர் என்றால், இப்போது 20 கிலோவில் 8 முறை, 2 செட். அதோடு நிறுத்துங்கள். “இன்னும் செய்யலாம்போல இருக்கிறதே” என்று தோன்றும்போதே முடித்துவிட வேண்டும். முன்பு 5 கிலோமீட்டர் ஓடியவர் 20 நிமிடத்துக்கு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். தசை சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அவ்வளவு வேகத்தில் பலப்படாது. மூன்றாம் நான்காம் வாரத்தில் குதிகாலிலும் முட்டிக்குக் கீழும் வலி வருவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான்.

முதல் நாளே அளவு மீறினால் தசைவலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். நாற்காலியில் உட்காரும்போது தொடை கெஞ்சும். அந்த மூன்று நாளில் இரண்டாவது அமர்வு தவறும், அதன்பின் மூன்றாவதும். வலி தாங்கக்கூடியதாக இருந்தால் லேசான நடை அதைக் குறைக்கும். ஆனால் தசை வீங்கி, தொட முடியாத வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் அது சாதாரண வலி அல்ல. தசைச் சிதைவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தக் கருவியும் இல்லாதவருக்கு, அல்லது ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டவருக்கு, முதல் அமர்வு 10 நிமிடம் போதும். இரண்டு நிமிடம் இருந்த இடத்திலேயே நடை. பிறகு கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு எட்டு முறை எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். பலன் இறங்குவதில்தான் அதிகம். ஒரு நிமிடம் ஓய்வு. சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, எட்டு புஷ்-அப். மறுபடி ஓய்வு. இரண்டையும் இன்னொரு சுற்று செய்துவிட்டு மெல்ல நடந்து முடியுங்கள். இதை வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நாட்களில் 10 நிமிட நடை. இது குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இலக்கு என்கிறது. ஆனால் ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அது கைவிட்டுவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

நேரத்தையும் இடத்தையும் எழுதிவைப்பதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். பிரிட்டனில் 2002-இல் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கி ஊக்கமூட்டிய குழுவில் அந்த வாரம் பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். எதுவும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம். அதாவது ஊக்க உரையால் ஒன்றும் ஆகவில்லை! அதே ஊக்க உரையோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று ஒரு வரி எழுதவும் வைத்த குழுவில் 91 சதவீதம். “காலையில் செய்வேன்” என்பது திட்டமாகாது. “செவ்வாய், பல் தேய்த்தவுடன், முன்னறையில், அந்த நாற்காலியில்” என்பதுதான் திட்டம். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு அதைக் கோத்துவிடுங்கள். கடிகார நேரம் தள்ளிப்போகும், பல் தேய்ப்பது தள்ளிப்போகாது.

நான் மிக முக்கியமாக நினைப்பது அடுத்து வருவது. தவறவே கூடாது என்று சபதம் எடுப்பதைவிட, தவறினால் எப்படித் திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வது பலமடங்கு பயன் தரும். அமெரிக்காவில் ஒரு ஜிம் நிறுவனத்தின் 61,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம், கேட்டி மில்க்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 54 விதமான நான்கு வார ஊக்கத் திட்டங்களைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிடம் பிடித்தது எது தெரியுமா? ஓர் அமர்வைத் தவறவிட்டு, அடுத்ததற்கு வந்தவர்களுக்குச் சில காசுகள் மதிப்புள்ள புள்ளிகளைக் கூடுதலாகக் கொடுத்த திட்டம். வாரச் சராசரி வருகை 27 சதவீதம் கூடியது. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்த திட்டங்கள் வெறும் 8 சதவீதம். ஆகவே பரிசு தொடங்கிவைக்கத்தான் உதவும்.

வீட்டில் இதை இப்படிச் செய்யலாம். நாட்காட்டியில் செய்த நாட்களுக்குக் குறி போடுவதோடு, ஒரு நாள் விட்டு மறுபடி வந்த நாளுக்கு வேறு நிறத்தில் பெரிதாக ஒரு குறி. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று மட்டும் எண்ணும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. 40 நாள் எண்ணிக்கை ஒரே நாளில் பூஜ்யமானால், அந்தச் செயலியோடு பயிற்சியையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஆக 18 முதல் 254 நாட்கள் வரை ஆனது. நடு அளவு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

மோசமான நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவும் இருக்கட்டும்: நாற்காலியில் எட்டு முறை, அவ்வளவுதான். இதைச் செய்தால் அன்றைய நாள் நிறைவேறிய நாளே. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பயிற்சியையும் உணவையும் ஒரே திங்கட்கிழமையில் தலைகீழாக மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்க வேண்டாம், சேர்க்க மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பெரிய வேளையிலும் 25 முதல் 30 கிராம் புரதம். தட்டில் பாதியளவு காய்கறி. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் சுமார் 18 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்குமேல் புரதம் இருக்கும். புரதமும் காய்கறியும் முதலில் வயிற்றுக்குள் போனால் மற்றவை தாமாகவே குறையும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வேளையையும் சரிசெய்யப் போகாமல், அடிக்கடி கெடும் ஒரு வேளையைப் பிடியுங்கள். பெரும்பாலோருக்கு அது வேலை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம். மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, இரவு உணவு தயாராகும் முன்பே கைக்குக் கிடைத்ததைக் கொறிப்பது. இதற்கு மன உறுதி தேவையில்லை. மாலை நாலரை ஐந்து மணிக்குப் புரதமுள்ள சிற்றுண்டி ஒன்றும், பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய ஓர் அவசர உணவுக்கான பொருட்கள் எப்போதும் வீட்டில் இருப்பதும் போதும். எடை குறைய வேண்டும் என்றால் மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி குறைவு போதும். அதற்கு மேல் இறங்கினால் பசி வென்றுவிடும்.

இப்போது அந்த மறுநாள் பட்டினி விஷயம். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் செய்த சோதனை ஒன்று உண்டு. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பெண்களிலும் இல்லாத பெண்களிலும் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு எல்லோரையும் ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க்ஷேக் குடிக்காத நிலையைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற மனநிலை. ஒரு துண்டு கேக்கால் எந்த நட்டமும் இல்லை. அதற்குப் பிறகு “இன்றைக்குப் போச்சு, திங்கட்கிழமை பார்க்கலாம்” என்று விட்ட ஐந்து நாட்களால்தான் நட்டம். அதை ஈடுகட்ட மறுநாள் காலை உணவைத் தவிர்த்தால் மாலையில் பசி இரட்டிப்பாகி, அதே சுழல் மறுபடி தொடங்கும். எனவே விதி இதுதான்: அடுத்த வேளை, வழக்கமான அளவு, வழக்கமான நேரம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தன்னைத் திட்டிக்கொள்வதும் இந்தச் சுழலை வேகப்படுத்தும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டுப்பாட்டோடு சாப்பிடும் பெண்களுக்கு டோனட் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரிடம் மட்டும் “எல்லோரும் சாப்பிடுவதுதானே, இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்” என்று சொன்னார்கள். அடுத்து மிட்டாய் வைத்தபோது அவர்கள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள். கண்டிப்பு தளர்ந்தால் இன்னும் கெட்டுப்போவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

தராசை முதல் இரண்டு வாரம் ஒதுக்கிவையுங்கள். புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது தசைகள் தண்ணீரைப் பிடித்துவைப்பதால் எடை சற்று ஏறவும் செய்யலாம். அதைப் பார்த்தே நிறுத்தியவர்கள் உண்டு. பிறகு எடை பார்ப்பதானால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தனி ஒரு நாளின் எண் எதையும் சொல்வதில்லை. முன்பு உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது போன்ற மனநலச் சிக்கல்) இருந்தவர்கள் கலோரிக் கணக்கையும் தராசையும் அடியோடு விட்டுவிட்டு, மருத்துவர் அல்லது உளவியலாளர் துணையோடு தொடங்குவதே சரி.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் செய்த சிறிய ஆய்வில், இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்கு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. தூக்கம் கெட்டிருக்கும் வாரத்தில் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்காதீர்கள்.

சில நேரம் குறைவது ஊக்கமே அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, காரணமில்லாத அசதி, காரணமில்லாமல் எடை ஏறுகிறது என்றால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கும் மனச்சோர்வுக்கும் பரிசோதனை தேவை. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுத்த படுக்கையாக்கும் சோர்வு வருகிறது என்றால், பயிற்சியை மெல்லக் கூட்டிக்கொண்டே போவது அங்கே தீங்கு செய்யும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

நான்காவது ஐந்தாவது வாரத்தில் இன்னொரு தொய்வு வரும். புதுமை தேய்ந்திருக்கும், கண்ணாடியில் மாற்றம் இன்னும் தெரியாது. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு ஏதாவது கையில் இருக்க வேண்டும். 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, அதே தூரத்தை எத்தனை நிமிடத்தில் நடக்கிறீர்கள், காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு எவ்வளவு என்று முதல் வாரத்திலேயே குறித்துவைத்திருந்தால் இப்போது உதவும். முன்னேற்றம் தெரிந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நாட்களையோ, நிமிடங்களையோ, எடையையோ. மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால் வலி எதனால் வந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த இடைவெளியும் வரத்தான் போகிறது. பயணம், தேர்வு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமை. அந்த வாரங்களில் முழுதாக நிறுத்தாமல், சுருக்கிவிடலாம். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான ஆய்வில், 16 வாரம் பயிற்சி செய்த இளம் வயதினர், அதன்பின் அதே அளவில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும், அதாவது வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட் செய்து, 32 வாரம் பலத்தையும் தசை அளவையும் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது. தசை அளவைக் காக்க இந்த அளவு போதவில்லை. அதனால் முன்கூட்டியே தெரிந்த இடைவெளி என்றால், கிளம்பும் முன்பே இரண்டு வரி எழுதிவைத்துவிடுங்கள்: அந்த வாரத்தின் ஒரே அமர்வு எந்த நாள், திரும்பி வந்தபின் முதல் அமர்வு எந்தத் தேதி. திரும்பி வந்த அந்த முதல் நாளுக்கும் பாதி எடை, இரண்டு செட்தான்.